எட்டு நாற்காலிக்கு ஒரு சாலை

டத்தோ கிராமாட் சாலையிலிருந்த அந்த டயாலிசிஸ் நிலையத்துக்கு நவமணி முதல் தடவை போனது, கதவில் வேலை நேரத்தை ஒட்டுவதற்காக. மூன்று மொழிகளில் வெட்டிய வெள்ளை ஸ்டிக்கர் எழுத்துகள். அரை மணி நேர வேலை. ஒட்டி முடித்துவிட்டுக் கையெழுத்து வாங்க உள்ளே போனபோதுதான் அந்த அறையைப் பார்த்தாள்.

எட்டுச் சாய்வு நாற்காலிகள் ஒரே வரிசையில் சாலையை நோக்கிக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒருவர். பக்கத்தில் ஓர் இயந்திரம். கையிலிருந்து இயந்திரத்துக்கும், அங்கிருந்து திரும்பக் கைக்கும் ரத்தம் ஓடும் குழாய்கள். அவர்களுக்கு எதிரே, முகப்பு முழுவதும் மூன்று உயரமான கண்ணாடிகள். மூன்றிலும் மேலிருந்து கீழ்வரை பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. காலை பத்து மணிக்கு அந்த அறையில் குழல்விளக்கு எரிந்தது.

"பிள்ளை, வெளியில இருந்துதானே வாறீங்க?" என்றார் மூன்றாவது நாற்காலியில் இருந்தவர். அப்புத்துரை என்று பெயர். ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்துப் பேச்சு இன்னும் நாக்கை விட்டுப் போகவில்லை. "ரோட்டில என்ன நடக்குது? கொஞ்சம் சொல்லுங்கோ."

நவமணி கதவைத் திரும்பிப் பார்த்தாள். "ஒண்ணும் இல்லைங்க ஐயா. ஒரு லாரி நிக்குது. முட்டைக்கோஸ் எறக்குறாங்க."

"எந்தக் கடைக்கு முன்னால?" என்று கடைசி நாற்காலியிலிருந்து ஒரு குரல் வந்தது. பாசார் சந்தையில் பூ விற்றுக்கொண்டிருந்த நல்லம்மாள். "சிவப்பு லாரியா, பச்சையா? பச்சைன்னா அது எங்க பாசார்க்காரன்."

நவமணி கவனிக்கவில்லை. வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "பச்சை" என்றாள். "பின்னால ஒரு கெரெத்தாக்காரன் காருக்குள்ள இருந்து ஹாரன் அடிச்சுக்கிட்டே இருக்கான். லாரிக்காரன் காதுல வாங்கல."

"வாங்க மாட்டான். அவன் குணம் அப்படி" என்று நல்லம்மாள் திருப்தியாகச் சொன்னாள். எட்டு பேரும் நவமணியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு என்ன ஆனது என்று தெரிந்துகொள்ளக் காத்திருக்கிறார்கள் என்பது அவளுக்கு மெதுவாகத்தான் உறைத்தது. கையில் கையெழுத்துத் தாளோடு இன்னும் இரண்டு தடவை வெளியே போய் வந்து, லாரி நகர்ந்த வரைக்கும் சொல்லி முடித்தாள்.

தாதி வள்ளிநாயகி வாசல்வரை அவளோடு வந்தாள். எல்லோருக்கும் அவள் மிஸ்ஸிதான். "காயிதத்த நாங்களா விரும்பி ஒட்டல" என்றாள். "பஸ் ஸ்டாப் பக்கத்துல இருக்கு. நிக்கிறவங்க எல்லாம் கண்ணாடியில மூஞ்சிய வச்சு உள்ள பாக்குறாங்க. ஒரு பொண்ணு, முப்பது வயசு. ஆபீஸ் ஆளுங்க பாத்துட்டாங்கன்னு மூணு தடவை வராம வீட்டுலயே இருந்துட்டா. மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். அன்னிக்கு ராத்திரியே தலைவர் காயிதம் ஒட்டச் சொல்லிட்டார். வாரத்துக்கு மூணு நாள், நாலு நாலு மணி நேரம். உள்ள படுத்திருக்கிறதுங்க பாக்குறதுக்கு என்ன இருக்கு, சொல்லுங்க."

நவமணி வேனுக்குத் திரும்பும்போது அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

வெளியே தெரியாத அறை அவளுக்குப் புதிதல்ல. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பதினைந்து வருடம் வேலை பார்த்தவள். தூசு நுழையக்கூடாது என்று ஜன்னலே வைக்காத அறை. தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு, பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடிக்குள் கண். மழை பெய்து ஓய்ந்ததுகூட வேலை முடிந்து வெளியே வந்து, தரை நனைந்திருப்பதைப் பார்த்தால்தான் தெரியும். அந்த வருடம், தொண்ணூற்றெட்டு பிப்ரவரியில், கம்பெனி நானூறு பேரை வீட்டுக்கு அனுப்பியது. நவமணியும், அவளுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்த ஆயிஷாவும் அதில் இருந்தார்கள். ஆயிஷாவின் அண்ணன் கடை மாடியில், ஒரு எழுத்து வெட்டும் இயந்திரத்தை வைத்துக்கொண்டு இருவரும் ஸ்டிக்கர் தொழில் தொடங்கினார்கள். வாகன எண், கடைப் பெயர், 'இங்கே புகைபிடிக்காதீர்கள்'. அதற்குமேல் பெரிய வேலை எதுவும் அதுவரை வந்ததில்லை.

விஷயத்தைக் கேட்டதும் ஆயிஷா, "அந்த பல்பசை விளம்பர பஸ்ஸ பாத்திருக்கியா?" என்றாள். "ஜன்னலயும் சேர்த்து படம் ஒட்டியிருக்கான். உள்ள உக்காந்தவங்களுக்கு வெளியே தெரியுது லா. நான் போயிருக்கேன்."

மறுநாளே இருவரும் அந்த பஸ்ஸைத் தேடிப்பிடித்து ஏறினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு பெண் பல் தெரியச் சிரிக்கும் படம். உள்ளே உட்கார்ந்தால் படமே இல்லை. லேசாகக் கறுப்புக் கண்ணாடி போட்டதுபோல், கடைகள் வரிசையாகப் போயின. நவமணி பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து ஜன்னலில் வைத்துப் பார்த்தாள். தாள் முழுக்க ஊசித்துளைகள். வெளிப்பக்கம் வெள்ளை; அதன்மேல் படம். கண்ணாடியோடு ஒட்டும் பக்கம் கறுப்பு. வெயிலில் நிற்பவன் கண்ணுக்குப் படம்தான் படும். நிழலில் உட்கார்ந்திருப்பவன் கண் கறுப்பை விட்டுவிட்டுத் துளைகள் வழியே வெளிச்சத்துக்குப் போய்விடும்.

"ராத்திரி உள்ள லைட் போட்டா தலைகீழாப் போயிரும்" என்றாள் நவமணி.

"இருட்டுனா திரை போட்டுக்கட்டும்" என்றாள் ஆயிஷா. "பகல்ல தெரிஞ்சாப் போதாதா?"

நிலையத்தின் தலைவர் திருநாவுக்கரசு, வங்கியில் மேலாளராக இருந்தவர். எதையும் இரண்டு தடவை கேட்பார். கோலாலம்பூரிலிருந்து வரவழைத்த ஒரு சாண் துண்டை நவமணி அவர் அலுவலகக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினாள். உள்ளிருந்து பார்த்தார். வெளியே போய்ப் பார்த்தார். மறுபடி உள்ளே வந்து பார்த்தார்.

"வெளியே நிக்கிறவனுக்கு ஆள் தெரியவே தெரியாதா?"

"பகல்ல தெரியாது சார்."

"நிச்சயமா?"

"நிச்சயம் சார்."

என்ன படம் என்பதை நோயாளிகளே முடிவு செய்யட்டும் என்றாள் வள்ளிநாயகி. அதற்கே ஒரு வாரம் போனது. நல்லம்மாள் தண்ணீர்மலைக் கோயிலைக் கேட்டாள். மலாய்க்கார அம்மா சலேஹா பூந்தோட்டம் வேண்டுமென்றார். கடைசியில் கடலும், அதில் ஒரு ஃபெர்ரியும் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். கோலாலம்பூரில் அச்சடித்த படம் மூன்று சுருளாக எக்ஸ்பிரஸ் பஸ்ஸில் வந்து இறங்கியது.

காகிதத்தைச் சுரண்டி எடுத்து, கண்ணாடியைத் துடைத்து, படத்தை ஒட்டி முடித்த நாள் ஒரு திங்கட்கிழமை. அன்று பஸ்ஸுக்கு நின்றவர்கள் ஃபெர்ரியைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்கள். உள்ளே எட்டு பேரும் தலையை நிமிர்த்திப் பார்த்தார்கள். சாலை முழுவதுமாக எதிரே இருந்தது. ரொட்டிக்காரன் மோட்டார் சைக்கிள், பள்ளிப் பிள்ளைகள், எதிர்க்கடை மாடியில் காயும் துணி. அப்புத்துரை ஒவ்வொரு பஸ்ஸின் எண்ணையும் வாய்க்குள்ளேயே படித்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் அவர்கள் வந்த மூன்று நாளும் அப்படி இருந்தது. மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை பிற்பகல், மழை வந்தது.

சாதாரண மழை இல்லை. மேற்கிலிருந்து காற்று அடித்துச் சாரலைக் கண்ணாடியில் நேராக வீசியது. பத்து நிமிடத்தில் ஒவ்வொரு துளையிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் உட்கார்ந்துகொண்டது. கடைகள் கரைந்தன. பஸ் கரைந்தது. கெட்டிப்பால் ஊற்றியதுபோல் மூன்று கண்ணாடியும் வெளுத்துப்போய், எட்டு பேரும் மறுபடி ஒரு சுவரின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். மழை விட்ட பிறகும் தெளியவில்லை. சாலைத் தூசு ஈரத் துளைகளில் போய் அடைத்துக்கொண்டது. திங்கட்கிழமை நவமணி வந்து பார்த்தபோது பாதித் துளைகள் மண்ணாக இருந்தன.

திருநாவுக்கரசும் வந்திருந்தார். அவர் கத்துகிற ஆள் இல்லை. "இந்த ஊர்ல மழை பெய்யும்ங்கறது உங்களுக்குத் தெரியாதாம்மா?" என்று மட்டும் கேட்டார். "உரிச்சுப் போட்டுட்டு வெள்ளை பெயிண்ட் அடிச்சிரலாம். ஒரே வேலையா முடிஞ்சிரும்."

வள்ளிநாயகி அவளைப் பார்க்காமல், "ஆசை காட்டிட்டு எடுத்துட்டீங்க" என்றாள்.

"மூண்டு நாள் பார்த்தம்தானே" என்றார் அப்புத்துரை. "அதுவும் நல்லாத்தான் இருந்தது பிள்ளை."

அந்த ஆறுதல்தான் நவமணிக்குத் தாங்கவில்லை. தொழிற்சாலையில் அவள் கை பட்டுப் போன பொருள் திரும்பி வந்ததில்லை. அவள் தலைவரிடம் போய், "ரெண்டு வாரம் குடுங்க சார்" என்றாள். "புதுசா அச்சடிக்கிறது எங்க பொறுப்பு. மறுபடி மழையில தெரியலன்னா, பெயிண்ட் நானே அடிச்சுக் குடுக்கிறேன்."

அவர் வழக்கம்போல் இரண்டாவது தடவையும் கேட்டார். அவளும் இரண்டாவது தடவை அதையே சொன்னாள்.

வேனில் ஏறியதும் ஆயிஷா, "எப்படிடி செய்யப்போற?" என்றாள்.

"அந்த பல்பசை பஸ் மழையில ஓடாமயா இருக்கு? அதுல என்ன தெரியுதுன்னு பாக்கணும்."

அதற்கு மழை வேண்டியிருந்தது. நவமணி மூன்று நாள் அந்த பஸ்ஸிலேயே ஃபெர்ரித் துறையான ஜெட்டிக்கும் ஆயர் ஈத்தாமுக்கும் போய்வந்தாள். வெயில் காய்ந்து தள்ளியது. ஓட்டுநர் சின்னையா முதல் நாள் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் நாள், "எங்கம்மா எறங்கணும்?" என்றார். மூன்றாம் நாள் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, மேகம் பார்த்துச் சொல்லத் தொடங்கிவிட்டார். "மலைப்பக்கம் கறுத்திருக்கு. அடுத்த டிரிப் விட்றாதீங்க."

அடுத்த தடவை, கொம்தார் கோபுரம் தாண்டியதும் கொட்டியது. நவமணி ஜன்னலோடு முகத்தை வைத்து உட்கார்ந்தாள். தண்ணீர் கண்ணாடிமேல் ஓடியது. ஓடிப்போய்விட்டது. குடைகள் தெரிந்தன, கடைப் பலகைகள் தெரிந்தன. ஒரு துளையில்கூடத் தண்ணீர் நிற்கவில்லை.

ஜெட்டியில் பஸ் நின்றதும் மழையோடு இறங்கி, வெளிப்பக்கம் போய், அந்தச் சிரிக்கும் பெண்ணின் காதோரம் நகத்தால் தடவினாள். துளைகள் கையில் படவேயில்லை. வழவழவென்று இருந்தது. ஓர் ஓரத்தில் லேசாகப் பெயர்ந்திருந்த இடத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். படத்தின்மேல் தண்ணீரைப்போல் நிறமற்ற இன்னொரு தோல். துளைகளுக்குள் காற்றுதான் இருந்தது. அந்தத் தோல் அவற்றை மூடிக் காத்தது.

"என்னம்மா கெடச்சுதா?" என்று சின்னையா இருக்கையிலிருந்தே கேட்டார்.

"கெடச்சிருச்சு அண்ணே" என்றாள் நவமணி. தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

படத்தின்மேல் ஒட்டும் தெளிவான லேமினேட் தாள் கோலாலம்பூரில் கிடைத்தது. சுவரொட்டிக்குப் போடும் சாதாரண லேமினேட் உதவாது, அதில் பார்த்தால் புகைபோலத் தெரியும் என்று விற்றவரே எச்சரித்தார். வந்த சுருளில் ஒரு துண்டை வெட்டி, படத்துண்டின்மேல் கையால் ஒட்டி, கடை மாடிக் கழிவறை ஜன்னலில் பொருத்தினார்கள். ஆயிஷா வெளியே மாடி நடையில் நின்று வாளித் தண்ணீரை வீசினாள். உள்ளே நின்ற நவமணி, "தெரியுது. இன்னும் ஊத்து" என்றாள். இருபது வாளிக்குப் பிறகும் ஆயிஷாவின் முகம் தெளிவாகத் தெரிந்தது.

மறுநாள் காலை போய்ப் பார்த்தால் நான்கு ஓரமும் வெளுத்திருந்தன.

நவமணி ஸ்டூலில் ஏறி நின்று வெகுநேரம் பார்த்தாள். வெட்டிய விளிம்பில் துளைகள் பாதி பாதியாக அறுந்து திறந்து கிடந்தன. அந்த வழியாகத் தண்ணீர் நுழைந்து, ஒரு துளையிலிருந்து அடுத்ததற்கு ஊர்ந்து போயிருந்தது. ஒரே ராத்திரியில் ஒரு விரல் அகலம். ஒரு மாதத்தில் நடுவரைக்கும் போய்விடும்.

"ஓரத்துக்கு மெழுகு வச்சிரலாமா?" என்றாள் ஆயிஷா.

"வெயில்ல உருகிரும்." நவமணி ஸ்டூலிலிருந்து இறங்கவில்லை. "மேல் தாள் பெருசா இருக்கணும், ஆயிஷா. படம் சின்னதா இருக்கணும். நாலு பக்கமும் ஒரு விரல் அளவு மேல் தாளே நேராக் கண்ணாடியில ஒட்டிக்கணும். அப்புறம் தண்ணி எந்த வழியா போகும்?"

சொல்ல எளிதாக இருந்தது. படத்தின் பின்னால் ஓர் அடித்தாள் உண்டு. ஓரத்தில் படத்தை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும். அடித்தாளில் கத்தி படக்கூடாது. அப்போதுதான் மேல் தாள் அந்த வெற்று ஓரத்தில் உட்காரும், பிறகு உரித்துக் கண்ணாடிக்கு மாறும். ஏழடி நீளம், மயிரிழை ஆழம். புதிதாக அச்சாகி வந்த மூன்று படங்களையும் தரையில் விரித்து, நவமணி இரண்டு நாள் முழங்காலில் நின்று அந்த ஓரங்களை வெட்டினாள். பதினைந்து வருடம் மயிரைவிட மெல்லிய கம்பிகளைப் பார்த்த கண்ணும், நடுங்காமல் பழகிய கையும் அவளிடம் இருந்தன. கம்பெனி அவற்றைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. ஒரு இடத்தில்கூட அடித்தாள் கிழியவில்லை.

லேமினேட் பண்ணும் இயந்திரம் மெக்காலிஸ்டர் சாலையில் ஒரு சீனர் கடையில் இருந்தது. கதவு அகலத்துக்கு இரண்டு ரப்பர் உருளைகள், கையால் சுற்றும் சக்கரம். ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும்போது செய்துகொள்ளுங்கள் என்று கடை முதலாளியான தவுக்கே சாவியைக் கொடுத்தார். உதவிக்கு என்று ஒரு நாற்காலியில் உட்கார்ந்தும் கொண்டார்.

இருவரும் முதலில் கடையைக் கழுவினார்கள். தரையை இரண்டு தடவை ஈரத்துணியால் துடைத்தார்கள். உருளைகளை ஆல்கஹால் போட்டுத் துடைத்தார்கள். பிறகு நவமணி காற்றாடியை நிறுத்தினாள். தவுக்கே அவளைப் பார்த்தார். அவள் ஜன்னலையும் சாத்தினாள். குளிக்கும்போது போடும் பிளாஸ்டிக் தொப்பியை இருவரும் தலையில் மாட்டி, நெற்றியில் துண்டைக் கட்டிக்கொண்டபோது தவுக்கே சிரிக்கத் தொடங்கினார்.

"ஆப்பரேஷன் கா?" என்றார் மலாயில்.

"தவுக்கே, பேசாதீங்க. எச்சி தெறிக்கும்" என்றாள் ஆயிஷா, அவளும் மலாயிலேயே. அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

தூசு ஒன்று உள்ளே போய் உட்கார்ந்தால் அந்த இடம் வெள்ளைப் புள்ளியாகிவிடும். எடுக்க முடியாது. ஆயிஷா சக்கரத்தைச் சுற்றினாள். நவமணி தாளை உருளைக்குள் கொடுத்தாள். மேல் தாளை இழுத்துப் பிடித்தால் ஒட்டிய பிறகு அது சுருங்கும், படத்தை வளைத்துத் தூக்கிவிடும். தளர விட்டால் சுருக்கம் விழும். கைக்குழந்தையின் தலையைத் தாங்குவதுபோலத் தாங்கிக்கொண்டு போக வேண்டும். "மெதுவா" என்பதைத் தவிர அவள் வேறெதுவும் சொல்லவில்லை. வியர்வை துண்டைத் தாண்டி இமையில் இறங்கியது. ஆயிஷா தன் தோளை நீட்டினாள்; நவமணி தாளிலிருந்து கையெடுக்காமல் அதில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

முதல் படம் முழுசாக வெளியே வந்ததும் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தார்கள். நவமணி பூதக்கண்ணாடியோடு ஒரு மூலையிலிருந்து தொடங்கி மறு மூலைவரை பார்த்தாள். கால் மணி நேரம் ஆனது.

"என்ன?" என்றாள் ஆயிஷா.

"ஒண்ணுகூட இல்ல" என்றாள் நவமணி. அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

தவுக்கே எழுந்து வந்து தானும் பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். இருபது வருடமாக அந்த இயந்திரத்தை வைத்திருப்பவர். வாயிலிருந்து கையை எடுக்காமலே தலையை ஆட்டினார்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும், கண்ணாடி சூடேறுமுன் ஒட்டத் தொடங்கினார்கள். ஸ்டிக்கர்காரர்கள் வழக்கமாகச் சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டுவார்கள், தவறினால் நகர்த்திக்கொள்ளலாம். இதற்குத் தண்ணீரே ஆகாது, துளைக்குள் தங்கிவிடும். உலர்ந்த கண்ணாடியில் ஒரே தடவையில் உட்கார வேண்டும். படத்தின் மேல் விளிம்பை டேப்பால் நிறுத்தி, அடித்தாளை ஒரு சாண் ஒரு சாணாக ஆயிஷா கீழே உரித்துக்கொண்டு வர, நவமணி நடுவிலிருந்து ஓரத்துக்குத் துணி சுற்றிய தகட்டால் தேய்த்துக்கொண்டே இறங்கினாள். எட்டு மணிக்கு மூன்றாவது கண்ணாடியும் முடிந்தது. கடைசியாக நான்கு ஓரங்களையும் கட்டைவிரலால் அழுத்திவிட்டாள்.

ஒரு நாள் முழுக்கப் பசை இறுகட்டும் என்று விட்டு, புதன்கிழமை திருநாவுக்கரசை வரச் சொன்னாள். வானத்தில் ஒரு மேகம் இல்லை.

"மழை வரட்டும் பாப்போம்" என்றார் அவர்.

"மழைக்குக் காத்திருக்க வேணாம் சார்" என்றாள் நவமணி.

இரண்டு கடை தள்ளி வண்டி கழுவும் இடம் இருந்தது. ஆயிஷா அங்கே முன்பே பேசி வைத்திருந்தாள். லாரியின் சேற்றை அடித்துத் தள்ளும் குழாய். அதை இழுத்து வந்து நடைபாதையில் நின்றாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் ஒதுங்கினார்கள். நவமணி தலைவரை அப்புத்துரையின் நாற்காலிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். கண்ணாடியில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

தண்ணீர் சுவர்போல் வந்து அடித்தது. கண்ணாடி அதிர்ந்தது. நடுக் கண்ணாடி, இடது, வலது, மறுபடி நடு. ஐந்து நிமிடம் ஆயிஷா விடவில்லை. பிறகு நிறுத்தினாள். தண்ணீர் வழிந்து இறங்கியது.

அப்புத்துரை கண்ணைக் குறுக்கிப் பார்த்தார்.

"பி.ஏ.டி. நாலு ஏழு ஒண்டு ரெண்டு" என்றார் அப்புத்துரை. எதிர்ப்பக்கம் நின்ற ஒரு காரின் எண். "பின் டயரில காத்துக் குறைவு. அங்கால மருந்துக்கடை. பலகையில 'பகல் ஒண்டு முதல் ரெண்டு வரை சாப்பாட்டு நேரம்' எண்டு போட்டிருக்கு. இன்னும் வாசிக்கவோ, தலைவர்?"

திருநாவுக்கரசு ஓரங்களில் வெளுப்பு இருக்கிறதா என்று உள்ளிருந்தே உற்றுப் பார்த்தார். இரண்டாவது தடவையும் பார்த்தார். பிறகு, வெளியிலிருந்து உள்ளே தெரிகிறதா என்று பார்க்க விடுவிடுவென்று வெளியே போனார். ஃபெர்ரிக்கு முன்னால் போய் நின்று, இரண்டு கைகளையும் கண்ணோரம் குவித்து, மூக்கைக் கண்ணாடியில் அழுத்தினார். உள்ளேயிருந்து எட்டு பேரும், தட்டையான அந்த மூக்கையும், மேலே ஏறிப்போன மீசையையும் பார்த்தார்கள். நல்லம்மாள் ஊசி குத்தாத கையைத் தூக்கி அவருக்கு வணக்கம் சொன்னாள். அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கடலுக்குள் ஆளைத் தேடிக்கொண்டிருந்தார்.

முதலில் சிரித்தது சலேஹா அம்மா. அடுத்து நல்லம்மாள். பிறகு எட்டு பேருக்கும் தாங்கவில்லை. சிரித்த குலுக்கலில் கைகள் அசைய, குழாய்கள் மடங்கி, இயந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அலறத் தொடங்கின. "ஐயோ, கைய ஆட்டாதீங்க" என்று வள்ளிநாயகி ஒவ்வொரு நாற்காலியாக ஓடினாள். ஓடிக்கொண்டே அவளும் சிரித்தாள். நவமணி கதவோரம் நின்று அந்த எட்டு முகங்களையும் பார்த்தாள். அவளுக்கு மட்டும் கண் கலங்கியது. அதைத் துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

உள்ளே வந்த தலைவர், "என்ன ஆச்சு? எதுக்கு மெஷின் கத்துது?" என்றார்.

"ஒண்டும் இல்லை" என்றார் அப்புத்துரை. "ரோட்டில ஒரு ஆளைப் பார்த்தம்."

உண்மையான மழை அடுத்த வாரம் வந்தது, காற்றோடும் இடியோடும். வள்ளிநாயகி போன் செய்தாள். "நீங்க வரவேணாம்" என்றாள். "சும்மா சொல்லணும்னு தோணிச்சு. எதிர்ல ஒருத்தன் குடையத் தொரத்திக்கிட்டு ஓடுறான். எல்லாரும் அவனுக்கு வழி சொல்லிக்கிட்டு இருக்காங்க." போனில் அந்தக் கூச்சல் நவமணிக்கும் கேட்டது. வராமல் இருந்த அந்த முப்பது வயதுப் பெண்ணும் இப்போது ஆறாவது நாற்காலிக்குத் தவறாமல் வருகிறாள், ஒரு கண்ணாடியின் நேர் நடுவுக்கு எதிரே இருப்பதால் அந்த இடத்தைத்தான் கேட்கிறாள் என்றும் வள்ளிநாயகி சொன்னாள்.

அக்டோபர் கடைசியில் ஒருநாள் திருநாவுக்கரசு தன் காரை அனுப்பி இருவரையும் புக்கிட் மெர்தாஜாமுக்கு வரச் சொன்னார். கடல் பாலத்தைத் தாண்டும்போது ஆயிஷா, "என்ன தப்பு கண்டுபிடிச்சாரோ தெரியல" என்றாள். கார் ரயில் நிலையத்தைக் கடந்து ஒரு புதுக் கட்டடத்தின் முன் நின்றது. சிமெண்டு வாசனை இன்னும் போகவில்லை. தலைவர் வாசலில் நின்றிருந்தார்.

"இங்கயும் ஒரு நிலையம் திறக்கிறோம்" என்றார். "இருபது நாற்காலி. கட்டடக்காரர் கண்ணாடி வேணாம், செங்கல் வச்சு அடைச்சிரலாம்னார். நான் விடல."

நவமணி உள்ளே போய்ப் பார்த்தாள். தரையிலிருந்து கூரைவரை பதினொரு கண்ணாடிகள். வெளியே ஒரு சாலை வளைந்து போனது. அதற்கப்பால் தண்டவாளம். பட்டர்வொர்த் பக்கமிருந்து ஒரு சரக்கு ரயில் மெதுவாக வந்துகொண்டிருந்தது.

"உங்களால முடியுமா?" என்று கேட்டார் தலைவர்.

"முடியும் சார்."

அவள் காத்திருந்தாள். அவர் இரண்டாவது தடவை கேட்கவில்லை. ஒதுங்கி வழிவிட்டார்.

ஆயிஷா பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து ஒரு நுனியை நவமணியிடம் நீட்டினாள். நவமணி அதைப் பிடித்துக்கொண்டு முதல் கண்ணாடியின் மூலைக்கு நடந்தாள்.

"அகலம் சொல்லுடி" என்றாள் ஆயிஷா, எழுதுவதற்குத் தயாராக.